மூடிய பிறகும் இருப்பவை

கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கு. பெயர் வேண்டாம். உள்ளே வரும் லாரி முதலில் எடை மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடிக்குப் பின்னால், கவுண்டரில் இருக்கும் அக்கா கணினியில் ஒரு பொத்தானை அழுத்துவார். சின்னதாக ஒரு பெட்டி திறக்கும். லாரி எண், ஸ்கேன் செய்த டி.ஓ.வின் படம், எடை மேடையிலிருந்து நேராக வந்து விழும் எண், எல்லாம் அதில் இருக்கும். சரிபார்த்து 'ஓகே' கொடுத்தால் பெட்டி மூடிக்கொள்ளும். அடுத்த லாரி.

அந்த மென்பொருளைப் பராமரிக்கும் வேலை என்னிடம் வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அதை எழுதியவர்கள் எல்லாரும் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். முதல் நாள் அந்த அக்கா சொன்னது இதுதான்:

"தம்பி, காலையில நல்லாத்தான் ஓடுது. மூணு மணி ஆச்சுன்னா இந்தக் கம்பியூட்டர் படுத்துக்குது. வெளிய லாரிக்காரனுங்க ஹாரன் அடிக்கிறானுங்க லா. நான் என்ன செய்யிறது?"

மேனேஜரிடம் கேட்டால் அவர் வேறு கதை சொன்னார். "அவங்க படபடன்னு அழுத்துறாங்க. மெதுவா செய்யுங்கன்னு சொன்னேன். மெதுவா செஞ்ச அன்னைக்கு நாலரை மணி வரைக்கும் ஓடுச்சு. அப்ப தப்பு யார் மேல?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நானும் நம்பினேன். இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கை எப்படித் தவறானது என்பதைப் பற்றியது. அதைச் சொல்ல, கணினித் திரையில் ஒரு பெட்டியை மூடுவது என்ற சின்னச் செயலின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கணினி எழுதத் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். நாம் எல்லாருமே ஒரு நாளைக்கு நூறு பெட்டிகளை மூடுகிறவர்கள்தானே.

*

1984இல் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் கணினியை வெளியிட்டது. சாளரம், மெனு, சுட்டி என்று இன்று நாம் பார்ப்பதெல்லாம் சாதாரண மக்கள் வாங்கும் பெட்டிக்குள் வந்தது அப்போதுதான். அதன் நினைவகம் 128 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அது போதாது. அந்த இடத்துக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும்.

நிரலாளர்களுக்காக ஆப்பிள் வெளியிட்ட கையேட்டின் பெயர் 'இன்சைட் மெக்கின்டாஷ்'. அதில் டயலாக் பெட்டியை முடித்துவைக்க இரண்டு தனித்தனிக் கட்டளைகள் இருந்தன. ஒன்று 'குளோஸ்' டயலாக். அது பெட்டியைத் திரையிலிருந்து எடுக்கும், சாளரப் பட்டியலிலிருந்து நீக்கும். ஆனால் பெட்டிக்கான பதிவேடு நினைவகத்தில் அப்படியே இருக்கும். இன்னொன்று 'டிஸ்போஸ்' டயலாக். அது மூடிவிட்டு, அந்தப் பதிவேடு பிடித்திருந்த இடத்தையும் திருப்பிக் கொடுக்கும். எதை எப்போது அழைப்பது என்பது நிரலாளரின் பொறுப்பு.

ஆக, மூடுவது வேறு, விடுவது வேறு. இது ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். திரைக்கு முன்னால் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் சிக்கல். பெட்டி மறைந்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளே அது போனதா இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது.

அதே காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'புராஜெக்ட் அதீனா' என்ற திட்டம் நடந்துகொண்டிருந்தது. எக்ஸ் விண்டோ அமைப்பு வளர்ந்த இடம் அது. பொத்தான், உருள்பட்டை, எழுத்துப் பெட்டி போன்ற திரை உறுப்புகளுக்கு 'விட்ஜெட்' என்ற பெயர் பரவியதும் அங்கிருந்துதான். ஒரு விட்ஜெட்டை அழிப்பதை அவர்கள் இரண்டு கட்டமாகச் செய்தார்கள். முதல் கட்டத்தில், அந்த விட்ஜெட்டின் மீதும் அதன் பிள்ளைகள் மீதும் 'அழியப் போகிறது' என்று குறி மட்டும் போடப்படும். இரண்டாம் கட்டத்தில், ஆபத்தில்லாத நேரம் வந்ததும், பிள்ளைகள் முதலில், பெற்றோர் பிறகு என்ற வரிசையில் விடைபெறும்.

ஏன் இத்தனை நிதானம்? 'ஓகே' பொத்தானை அழுத்துகிறோம். அந்தப் பொத்தானின் வேலை, தான் இருக்கும் பெட்டியை அழிப்பது. பெட்டி அழிந்தால் பொத்தானும் அழியும். ஆனால் பொத்தானின் வேலை இன்னும் முடியவில்லை. உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிற கதை. அதனால்தான் முதலில் குறி, பிறகு வெட்டு.

1990இல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 3.0 வந்தபோது இந்தச் சிக்கல் பொதுச் சொத்துப் பிரச்சினையாக மாறியது. திரையில் வரையப் பயன்படும் பேனா, தூரிகை, எழுத்துரு ஆகியவற்றுக்காக அதில் 64 கிலோபைட் அளவுள்ள ஒரு பகுதி இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களுக்கும் அந்த ஒரே சட்டிதான். ஒரு நிரல் தான் எடுத்ததைத் திருப்பி வைக்காமல் போனால், அந்த நிரலை மூடிய பிறகும் சட்டியில் அந்த இடம் காலியாகாது. 'புரோகிராம் மேனேஜர்' பற்றிய தகவல் பெட்டியைத் திறந்தால், 'சிஸ்டம் ரிசோர்சஸ்' இத்தனை சதவீதம் மீதி என்று ஓர் எண் காட்டும். நினைவகம் நிறைய மிச்சம் இருக்கும்போதே இந்த எண் கீழே இறங்கி, கணினி திணறும். ரெஸ்டார்ட் செய்வதைத் தவிர வழியில்லை. 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு' என்ற உலகப் பொது வைத்தியம் மூடநம்பிக்கை இல்லை. எதையோ யாரோ திருப்பி வைக்கவில்லை என்பதற்கான கைவைத்தியம் அது.

கவுண்டர் அக்காவும் அதைத் தானாகவே கண்டுபிடித்திருந்தார். மதிய உணவுக்குப் போகும்போது மென்பொருளை மூடித் திறந்தால் சாயங்காலம் வரை ஓடும். "யாரைக் கேட்டு ஆஃப் பண்றீங்க?" என்று அதற்கும் திட்டு வாங்கியிருந்தார்.

*

'இதெல்லாம் பழைய கதை, இப்போது குப்பையை இயந்திரமே அள்ளிக்கொள்கிறதே' என்று கணினி படித்தவர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கிடங்கின் மென்பொருள் ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவாவில் குப்பை அள்ளும் வசதி உண்டு.

அந்த யோசனை ஜாவாவுக்கு வெகு மூத்தது. எம்.ஐ.டி.யில் இருந்த ஜான் மெக்கார்த்தி, லிஸ்ப் மொழியைப் பற்றி 1960இல் வெளியிட்ட கட்டுரையிலேயே அது இருக்கிறது. யாரும் பயன்படுத்தாத நினைவகத்தை இயந்திரமே தேடிப் பிடித்து மீட்டுக்கொள்ளும். 'குப்பை அள்ளுதல்' என்ற பெயர் அப்போதே தங்களுக்குள் புழங்கியதாகவும், கட்டுரையில் அதை எழுதத் தனக்குத் தைரியம் வரவில்லை என்றும் பிற்காலத்தில் ஓர் அடிக்குறிப்பில் அவர் வேடிக்கையாக ஒப்புக்கொண்டார்.

ஆனால் குப்பை அள்ளுபவருக்கு ஒரே ஒரு விதிதான் தெரியும். ஒரு பொருளை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் அது குப்பை இல்லை. பிடித்திருப்பவருக்கு அது தேவையா, பிடித்திருப்பதே அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்றெல்லாம் அது கேட்காது. வீட்டு வாசலில் வைத்தால்தான் மாநகராட்சி லாரி எடுத்துப்போகும். ஸ்டோர் ரூமில் கிடப்பதை யார் வந்து எடுப்பார்கள்?

ஜாவாவில் சாளரங்களுக்கான 'ஸ்விங்' தொகுப்பில் ஒரு டயலாக்கின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால், நாம் வேறு எதுவும் சொல்லாத வரை, அது மறைந்துகொள்ளும். அவ்வளவுதான். போவதற்கு 'டிஸ்போஸ்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். மெக்கின்டாஷ் காலத்தின் அதே இரட்டை, வேறு சட்டை போட்டுக்கொண்டு.

2001இல் எக்லிப்ஸ் என்ற நிரலாக்கக் கருவி வெளிவந்தபோது அதன் எஸ்.டபிள்யூ.டி. தொகுப்பைச் செய்தவர்கள் இந்த மயக்கத்துக்கே இடம் கொடுக்கவில்லை. குப்பை அள்ளுபவரை நம்பாதே என்பதுபோல இரண்டு விதிகளை முன்வைத்தார்கள். நீ உண்டாக்கியதை நீயே முடித்துவைக்க வேண்டும். பெற்றோரை முடித்தால் பிள்ளைகளும் முடிந்துவிடும். இதற்காக 'ஸ்லீக்' என்று ஒரு சின்னக் கருவியும் வைத்திருந்தார்கள். இப்போது என்னென்ன நிறம், எழுத்துரு, படம் உயிரோடு இருக்கின்றன என்று ஒரு கணக்கு எடுக்கும். டயலாக்கைத் திறந்து மூடிவிட்டு மறுபடி கணக்கெடுத்தால், புதிதாக மிஞ்சியவை மட்டும் தெரியும். பார்த்தால் தெரியாது, எண்ணினால்தான் தெரியும் என்பதை ஒத்துக்கொண்ட கருவி அது.

*

எண்ணுவதைப் பழக்கமாக்கியவர்களின் கதை தனி.

கென்ட் பெக், ஸ்மால்டாக் மொழியில் சோதனை எழுதும் எளிய முறை ஒன்றை 1994இல் எழுதினார். நிரலைச் சோதிப்பதற்கும் ஒரு நிரல். மனிதன் பொத்தானை அழுத்திப் பார்த்து 'சரியாத்தான் இருக்கு' என்று சொல்வதற்குப் பதில், எது சரி என்பதை எழுதிவைத்து, இயந்திரத்தையே தினமும் சரிபார்க்கச் சொல்வது. 1997இல் பெக்கும் எரிக் காமாவும் சூரிக்கிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் சேர்ந்து உட்கார்ந்து அதை ஜாவாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஜேயூனிட் பிறந்த கதை இது. ஒரு விமானப் பயணத்தில் தொடங்கிய சின்ன நிரல், ஒரு தலைமுறை நிரலாளர்களின் வேலை முறையையே மாற்றியது.

அதில் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் 'செட்அப்', பின்னால் 'டேர்டவுன்'. முதலில் பந்தல் போடு, கடைசியில் பிரி. சோதனை தோற்றாலும் பந்தலைப் பிரித்தாக வேண்டும். கல்யாணம் நின்றுபோனாலும் பந்தல்காரர் வந்துதானே ஆக வேண்டும்?

ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. பந்தல் போடும்போதே பாதியில் தவறு நடந்தால், பிரிக்கும் பகுதி அழைக்கப்படாது. பாதிப் பந்தல் நின்றுகொண்டிருக்கும். பைத்தான் மொழியின் சோதனைத் தொகுப்பிலும் இதே நிலைதான். அதைச் சமாளிக்க 2009இல் வந்த பைத்தான் 3.1இல் 'ஆட் கிளீனப்' என்ற வழி சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு கம்பு நடும்போதும் அதைப் பிடுங்குவது எப்படி என்பதையும் அப்போதே எழுதிவைத்துவிட வேண்டும். கடைசியில் நட்டது முதலில் பிடுங்கப்படும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜேயூனிட் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பொருளை உண்டாக்கி, எல்லாச் சோதனைகளும் முடியும்வரை அவற்றைப் பட்டியலில் பிடித்துவைத்திருந்தது. சோதனைக்குள் ஒரு டயலாக்கை வைத்துக்கொண்டால், சோதனை முடிந்த பிறகும் அது போகாது. குப்பையைக் கண்டுபிடிக்க வந்தவரே குப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதுபோல.

பைத்தானோடு வரும் 'ஐடில்' என்ற நிரல் எழுதும் கருவியின் சோதனைகளைப் படித்தால் இந்த அனுபவம் எல்லாம் நாலைந்து வரிகளில் தெரியும். அங்கே சோதனை முடிந்ததும் நடப்பது இது: மிச்சமிருக்கும் திரை வேலைகளை முடிக்கச் சொல்வார்கள். 'இத்தனை நொடி கழித்துச் செய்' என்று ஒத்திவைத்த வேலைகளை ரத்து செய்வார்கள். பிறகு மூலச் சாளரத்தை அழிப்பார்கள். கடைசியாக அதன் பெயரையும் சோதனையிலிருந்து நீக்குவார்கள். ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. ஒத்திவைத்த வேலையை ரத்து செய்யாவிட்டால், சாளரம் போன பிறகு அது எழுந்து வந்து இல்லாத சாளரத்தைத் தேடிப் பிழைச்செய்தி கத்தும். பெயரை நீக்காவிட்டால் மேலே சொன்ன கட்டிப்பிடிப்பு.

சரி, ஒரு டயலாக் உண்மையிலேயே போய்விட்டதா என்று சோதனை எப்படித் தெரிந்துகொள்ளும்? பார்ப்பதற்கு அதைப் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தால் அது போகாது. இந்த முடிச்சை அவிழ்ப்பது 'வீக் ரெஃபரன்ஸ்'. பொருளைச் சுட்டிக்காட்டும், ஆனால் பிடித்துவைக்காது. 1998இல் வந்த ஜாவா 1.2இல் அது சேர்ந்தது. பைத்தானில் 2001இல், 2.1 பதிப்பில் வந்தது. யூனிட் டெஸ்ட் தொகுப்பும் பைத்தானோடு சேர்ந்தது அதே பதிப்பில்தான்.

பிறகு சோதனை எளிது. டயலாக்கை உண்டாக்கு. அதற்கு ஒரு வீக் ரெஃபரன்ஸ் வைத்துக்கொள். மூடு. கையிலிருப்பதை விடு. குப்பை அள்ளுபவரைக் கூப்பிடு. இப்போது அந்தச் சுட்டி வெறுமையாக இருந்தால் டயலாக் போய்விட்டது. இன்னும் எதையாவது காட்டினால் யாரோ பிடித்திருக்கிறார்கள். பிராக் நகரத்தில் மாணவர்களின் திட்டமாகத் தொடங்கிய நெட்பீன்ஸின் சோதனைத் தொகுப்பில் இதற்கென்றே 'அசர்ட் ஜி.சி.' என்ற கட்டளை உண்டு. சோதனை தோற்றால், யார் யாரைப் பிடித்து அந்தப் பொருள் தொங்குகிறது என்ற சங்கிலியையும் அது காட்டும்.

*

கிடங்குக் கதைக்கு வருகிறேன்.

முதலில் நான் செய்த திருத்தம் ஒரே வரி. 'மறை' என்றிருந்ததை 'டிஸ்போஸ்' என்று மாற்றினேன். திறந்து பார்த்தேன், மூடிப் பார்த்தேன், மூடியது. மேனேஜரிடம் சரியாகிவிட்டது என்றேன். மறுநாள் மூன்று மணிக்கு அக்காவிடமிருந்து போன். "தம்பி, படுத்துக்கிச்சு." மேனேஜருக்கு இப்போது இன்னொரு ஆதாரம் கிடைத்தது. மென்பொருளைத்தான் சரிசெய்தாகிவிட்டதே.

அன்று இரவு மாமாக் கடையில் உட்கார்ந்துதான் முதல் முறையாக அந்தச் சோதனையை எழுதினேன். சோதனை தோற்றது. சங்கிலியைத் தேடினால் அதன் நுனியில் இருந்தது எடை வாசிப்பான். எடை மேடையிலிருந்து எண்ணை வாங்கும் அந்தப் பகுதி காலையிலிருந்து இரவுவரை உயிரோடு இருப்பது. ஒவ்வொரு டயலாக்கும் திறக்கும்போது 'எடை மாறினால் எனக்கும் சொல்லு' என்று அதனிடம் பெயர் கொடுக்கும். மூடும்போது பெயரை எடுக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை.

பார்ப்பவரும் பார்க்கப்படுவதும் இப்படிப் பெயர் கொடுத்துக்கொள்ளும் முறை, எரிக் காமாவும் மூவரும் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலில் 'அப்சர்வர்' என்ற பெயரில் இருக்கிறது. கல்லூரியில் எல்லாரும் படிப்பதுதான். பார்க்கப்படுவது அழிந்தால் பார்ப்பவரிடம் செத்த முகவரி மிஞ்சக்கூடாது என்று அந்த நூல் எச்சரிக்கிறது. எங்கள் கிடங்கில் நடந்தது அதன் மறுபக்கம். பார்ப்பவர் போன பிறகும் பட்டியலில் பெயர் இருந்தது. அந்தப் பெயரே அவரைப் போகவிடாமல் வைத்திருந்தது.

கணக்குப் போட்டேன். ஒவ்வொரு டயலாக்கும் ஏறக்குறைய மூன்று மெகாபைட் டி.ஓ. படத்தைப் பிடித்திருந்தது. மென்பொருளுக்கு ஒதுக்கிய இடம் 512 மெகாபைட். நூற்றைம்பது லாரிக்கு மேல் தாங்காது. அதுவரைக்கும் சும்மாவும் இல்லை. நூற்றைம்பதாவது லாரி மேடையில் ஏறும்போது, எடை ஒவ்வொரு முறை மாறும்போதும், கண்ணுக்குத் தெரியாத நூற்று நாற்பத்தொன்பது பெட்டிகளும் தங்கள் எண்ணை மாற்றி எழுதிக்கொண்டிருந்தன.

அக்கா வேகமாக வேலை செய்த நாளில் நூற்றைம்பதாவது லாரி மூன்று மணிக்கு வரும். மெதுவாகச் செய்தால் நாலரைக்கு வரும். மேனேஜர் பார்த்தது பொய்யில்லை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. நன்றாக வேலை செய்கிறவர் கையில்தான் அந்த மென்பொருள் சீக்கிரம் விழுந்தது. அதற்கு அவருக்குக் கிடைத்தது திட்டு.

பெயரை நீக்கும் வரியைச் சேர்த்தேன். இருநூறு டயலாக்கைத் திறந்து மூடி, ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் சேர்த்தேன். அலுவலக சர்வரில் அது பச்சை காட்டியது. இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன்: சர்வரில் திரையே இல்லாததால் அந்தச் சோதனை ஓடாமலேயே தாண்டிப்போயிருந்தது. ஐடிலின் சோதனைகளும் திரை இல்லாத இடத்தில் இப்படித் தாண்டிப்போகும்படிதான் எழுதப்பட்டிருக்கின்றன. அது தவறில்லை. தாண்டியதைத் தேறியது என்று நான் படித்ததுதான் தவறு. போலித் திரை ஒன்றை சர்வரில் அமைத்த பிறகுதான் அது நிஜமாக ஓடியது. நல்லவேளையாக, தேறியது.

அடுத்த வாரம் கிடங்குக்குப் போனேன். மணி ஐந்து. ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மட்டும் மதியம் மூடித் திறப்பதை நிறுத்தவில்லை. "பழகிப்போச்சு தம்பி" என்றார். பிறகு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன், என் கையில ஒண்ணும் இல்லன்னு" என்றார்.

எழுதினேன். 512, மூன்று, நூற்றைம்பது என்ற கணக்கை விளக்கி, வேகமாக வேலை செய்ததால்தான் பிழை வெளியே வந்தது, அவர் மீது தவறு எதுவும் இல்லை என்று மேனேஜருக்கு ஈமெயில் அனுப்பினேன். பதில் ஒரே சொல்லில் வந்தது: 'நோட்டட்.'

அக்கா அந்த ஈமெயிலை பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். கொடுத்தேன். நாலாக மடித்து, டி.ஓ. முத்திரை வைக்கும் டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டார்.